பழம் ஒன்று, புள்ளி பத்து: விளையாட்டு நிரலாக்கப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்களின் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. 'பிளாக்' எனும் கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் போன்ற மென்பொருளில் சிறு விளையாட்டு செய்யும், புதியவர்களுக்கான போட்டிக்குப் பிள்ளைகளை எப்படி அழைத்துச் செல்வது? அவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

தொடக்கநிலை 4, 5 வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. எனக்கு நிரலாக்கம் தெரியாது. எங்கே தொடங்குவது, எத்தனை வாரம் வேண்டும்?
— ஆசிரியர், ஈசூன்

நிரலாக்கம் தெரியாதது பெரிய குறையல்ல. ஒரு விளையாட்டைக்கூடத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்காமல் வகுப்புக்குள் நுழைவதுதான் குறை. ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழம் பிடிக்கும் விளையாட்டு ஒன்றை நீங்களே செய்யுங்கள். கூடை இடமும் வலமும் நகர வேண்டும். மேலிருந்து பழம் விழ வேண்டும். பிடித்தால் ஒரு புள்ளி, தவறவிட்டால் ஓர் உயிர் போகும். 30 விநாடியில் ஆட்டம் முடிய வேண்டும். நகர்வு, விழுதல், மோதல், புள்ளி, முடிவு ஆகிய ஐந்தும் கைவந்தால், பிள்ளைகள் கொண்டுவரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு உங்களுக்குத் தெரிந்துவிடும். விண்கலம், பூனை, பேய் எல்லாம் அதன்மேல் போட்ட சட்டை.

உங்கள் மாணவர்கள் வெறுங்கையோடு வருவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். தொடக்கப்பள்ளி மேல்வகுப்புகளுக்கான பத்து மணி நேர 'கோட் ஃபார் ஃபன்' பயிற்சி 2020 முதல் சிங்கப்பூரின் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதை முடித்தவர்கள் யார், இன்னும் தொடங்காதவர்கள் யார் என்று முதல் நாளே கேட்டு, ஒருவரோடு ஒருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள்.

ஒரு தவணைக்குப் பத்து வாரம். முதல் வாரமும் கடைசி வாரமும் கைக்கு வராது. இடையில் ஒரு மணி நேர வகுப்பு ஆறு கிடைத்தால் போதும். முதல் வகுப்பில் வெறும் திரையைக் காட்டாதீர்கள். நீங்கள் செய்த பழ விளையாட்டைக் கொடுத்து, "வேகத்தை மாற்று, கூடையைச் சிறிதாக்கு, உயிரை ஐந்தாக்கு" என்று எண்களை மட்டும் மாற்ற விடுங்கள். எந்த எண் எதை ஆட்டுகிறது என்று கண்டுபிடிப்பதில் அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இரண்டாம் வகுப்பில் கணினியே வேண்டாம், ஒரு ஏ4 தாள் போதும். நீ யார், என்ன செய்கிறாய், எப்படித் தோற்பாய் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். வாக்கியம் இரண்டாம் வரிக்கு இறங்கினால் விளையாட்டு பெரிதாகிவிட்டது என்று பொருள். ஐந்து நிலைகள், கடை, நாணயம், பறக்கும் நாய் என்று கேட்பார்கள். "முதல் நிலையை முடித்துக் காட்டு, பிறகு பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகள் கட்டுவதற்கு. நான்காவது முடியும்போது, பச்சைக் கொடியை அழுத்தினால் ஆட்டம் தொடங்கி, ஓடி, முடிய வேண்டும். நாயகன் வெறும் சிவப்பு வட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. ஐந்தாவதில் குழுக்கள் இடம் மாறி, ஒருவர் விளையாட்டை மற்றவர் ஆட வேண்டும். செய்தவர் வாயே திறக்கக் கூடாது. ஆறாவது, திருத்திச் சமர்ப்பிக்க.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஐந்தாவது பயிற்சி வகுப்புக்கு முன் யாரும் படம் வரையும் பகுதியைத் திறக்கக் கூடாது. நாயகனின் முடிக்கு நிறம் தேடியே இரண்டு வகுப்புகளைக் கழித்துவிடுவார்கள். கடைசியில் அழகான படம் இருக்கும், விளையாட்டு இருக்காது.

தொடக்கநிலை 6 பிள்ளைகளைச் சேர்ப்பதானால் முதல் இரண்டு தவணைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு வந்து நிற்கும்.

மூன்று குழுக்கள், மூன்று கோளாறுகள். ஒன்றில் ஒரு பழத்தைப் பிடித்தால் புள்ளி பத்து ஏறுகிறது. இன்னொன்றில் கொஞ்ச நேரம் விழுந்த பழம் பிறகு விழுவதே இல்லை. மூன்றாவதில் ஸ்பேஸ் விசையை அழுத்த அழுத்தத் திரை முழுவதும் தோட்டாக்கள். ஏன்?
— இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

மூன்றும் புதியவர்கள் வகுப்பில் தவறாமல் வருபவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு.

முதலில் புள்ளி. ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது. முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓடும் 'ஃபாரெவர்' சுற்றுக்குள் இருக்கும் பிளாக்குகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். பழம் சுற்றுக்கு 5 அலகு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடையின் மேல் விளிம்பைத் தொட்டது முதல் அடியைத் தாண்டும்வரை 50 அலகு. அதாவது பத்துச் சுற்று. பத்து முறையும் "கூடையைத் தொடுகிறாயா?" என்ற கேள்விக்கு ஆம் என்றே விடை வருகிறது, பத்துப் புள்ளி ஏறுகிறது. ஆகவே தொட்டவுடன் பழம் அங்கே இருக்கக் கூடாது. ஒரே ஒரு பழம் என்றால் புள்ளியை ஏற்றிய அடுத்த பிளாக்கிலேயே அதை மேலே அனுப்புங்கள். குளோன் (ஆட்டம் ஓடும்போது உண்டாக்கும் நகல்) என்றால் 'டிலீட் திஸ் குளோன்' போடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் புள்ளி, பிறகு டிலீட். டிலீட் பிளாக்கின் அடியில் நேராக எதையும் ஒட்ட முடியாது, குளோன் அழிந்தபின் அதன் மற்ற பிளாக்குகளும் ஓடாது. பிள்ளைகள் டிலீட்டை ஒரு 'இஃப்' பிளாக்குக்குள்ளும் புள்ளியை அதற்குக் கீழும் வைத்துவிட்டு, "புள்ளியே ஏறவில்லை" என்று ஓடிவருவார்கள்.

இரண்டாவது, நின்றுபோன பழம். ஸ்கிராட்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்கள்தான் இருக்க முடியும். அதற்குமேல் கேட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, புதுப் பழம் வராது, அவ்வளவுதான். தவறவிட்ட பழங்கள் அழியாமல் கீழே குவிகின்றன. 'ஹைட்' போட்டு மறைத்தாலும் அவை கணக்கில் உண்டு. அரை விநாடிக்கு ஒரு பழம் என்றால் 150 விநாடியில் 300 ஆகிவிடும். 30 விநாடி ஆட்டத்தில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஆட்டத்தை மூன்று நிமிடமாக நீட்டிய குழுவுக்குத்தான் தெரியும்.

"நாங்கள் டிலீட் போட்டிருக்கிறோமே" என்று அந்தக் குழு சொன்னால் நிபந்தனையைப் பாருங்கள். அநேகமாக "ஒய் -180ஐ விடக் குறைந்தால் அழி" என்று எழுதியிருப்பார்கள் (ஒய் என்பது மேல்-கீழ் இடம், எக்ஸ் என்பது இட-வல இடம்). மேடையின் அகலம் 480, உயரம் 360, நடுப்புள்ளி பூச்சியம். ஆகவே கீழ் விளிம்பு -180. கணக்கு சரிதான். ஆனால் ஸ்பிரைட் (திரையில் நகரும் உருவம்) முழுவதுமாக மேடையை விட்டு வெளியே போக ஸ்கிராட்ச் விடாது, ஒரு துண்டை விளிம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். உயரம் 30 அலகைத் தாண்டாத சிறு பழம் -180க்குக் கீழே இறங்கவே இறங்காது, நிபந்தனையும் நிறைவேறாது. -170 என்று மாற்றினால் தீர்ந்தது.

மூன்றாவது, தோட்டா. 'ஸ்பேஸ் விசையை அழுத்தும்போது' என்ற பிளாக்கும் அதன் கீழ் 'கிரியேட் குளோன்' பிளாக்கும் தோட்டாவிடமே இருக்கின்றன. விசை அழுத்தத்தை மூலத் தோட்டா மட்டும் கேட்பதில்லை, ஏற்கெனவே பிறந்த குளோன்களும் கேட்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாவது அழுத்தலில் 256. ஒன்பதாவதில் 300 என்ற வரம்பில் முட்டி நிற்கும். குளோன் உண்டாக்கும் வேலையைத் தோட்டாவைச் சுடும் விண்கலத்திடம் கொடுங்கள். விண்கலம் விசையைக் கேட்டு, தோட்டாவின் குளோனை உண்டாக்கட்டும். ஒரு ஸ்பிரைட் மற்றவற்றுக்கு அனுப்பும் 'பிராட்காஸ்ட்' செய்தியையும் குளோன்கள் இப்படித்தான் கேட்கும் என்பதால் அங்கேயும் இதே வலை விரிந்திருக்கிறது.

குளோன் கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதால் அதை எண்ணிக் காட்டுவது நல்லது. 'எண்ணிக்கை' என்று ஒரு வேரியபிள் (எண்ணை நினைவில் வைக்கும் பெட்டி) வைத்து, குளோன் தொடங்கும்போது ஒன்று கூட்டுங்கள், அழியும் முன் ஒன்று குறையுங்கள். மூலையில் அந்த எண் 4, 5, 4 என்று ஆடினால் நலம். 60, 61, 62 என்று ஏறிக்கொண்டே போனால் எங்கோ குப்பை சேர்கிறது.

எங்கள் பள்ளியில் சிலருக்கு ஐபேட், சிலருக்கு மடிக்கணினி. கணக்கு திறப்பது எப்படி, பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?
— ஆசிரியர், செங்காங்

அம்புக்குறி விசையால் நகரும் விளையாட்டு, விசைப்பலகை இல்லாத ஐபேடில் செத்த பிணம். போட்டி நாளில் நடுவர் எதில் ஆடுவார் என்பதை முதலிலேயே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால், கூடையின் எக்ஸ் மதிப்பை மவுஸின் எக்ஸ் மதிப்புக்குச் சமமாக்கும் ஒரே பிளாக்கால் நகர்த்தச் சொல்லுங்கள். மடிக்கணினியில் மவுஸோடும், ஐபேடில் விரலோடும் நகரும்.

விசையே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'இந்த விசை அழுத்தப்படும்போது' என்ற, அடுக்கைத் தொடங்கிவைக்கும் தொப்பிப் பிளாக்கில் நகர்வை வைத்தால், முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே ஒரு விக்கல் வரும். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து தட்டச்சாகும் முறைதான் அது. 'ஃபாரெவர்' சுற்றுக்குள் "விசை அழுத்தப்பட்டுள்ளதா?" என்று கேட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கணக்கைப் பொறுத்தவரை, ஸ்கிராட்ச் ஆசிரியர் கணக்கு ஒன்றை நீங்கள் திறந்து, அதன்கீழ் மாணவர் கணக்குகளை உருவாக்கலாம். பிள்ளைகளுக்குத் தனி மின்னஞ்சல் தேவையில்லை, கடவுச்சொல்லை மறந்தால் நீங்களே மாற்றிக் கொடுக்கலாம். வீட்டில் ஏற்கெனவே திறந்த கணக்கை மாணவர் கணக்காக மாற்ற முடியாது. ஆசிரியர் கணக்குக்கு ஒப்புதல் வர வேண்டும் என்பதால் வகுப்பன்று காலையில் விண்ணப்பிக்காதீர்கள். பயனர் பெயரில் பிள்ளையின் முழுப்பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம். ஒரு பழத்தின் பெயரும் ஓர் எண்ணும் போதும்.

கணக்கே இல்லாமலும் வேலை நடக்கும். ஆனால் உலாவியின் தாவலை மூடினால் எல்லாம் போச்சு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் சேமிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புது எண், பழைய கோப்பின்மேல் எழுதக் கூடாது. "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற அழுகைக்கு நேற்றைய கோப்பு ஒன்றுதான் மருந்து.

'ஷேர்' பொத்தானை அழுத்திய விளையாட்டை உலகமே பார்க்கலாம், எடுத்து மாற்றியும் பயன்படுத்தலாம். அந்தத் தளத்தின் பொது உரிமம் அப்படி. எனவே பிள்ளைகளின் முகமும் சொந்தக் குரலும் அதில் வேண்டாம். பெற்றோர் ஒப்புதலை 'பேரண்ட்ஸ் கேட்வே' செயலி வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல் தமிழ்மொழி மாதத்தில் தமிழ்ச் சொல் விளையாட்டு செய்ய வைக்க ஆசை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். ஆனால் திரையில் புள்ளி வட்டத்தோடு கொம்பு மட்டும் தனியாக வருகிறது!
— தமிழாசிரியர், உட்லண்ட்ஸ்

அருமையான கோளாறு. ஒரு வகுப்பு முழுவதும் இதை வைத்தே இலக்கணம் நடத்தலாம்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஸ்கிராட்சைக் கேளுங்கள். 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். கணினிக்குத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் உயிர்மெய் ஒரே குறியீடாக இல்லை, அகர மெய்யும் அதன்பின் உயிர்க்குறியும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'அம்மா'வுக்கும் இதே கதி, மூன்றெழுத்து ஐந்தாகிவிடும். 'லெட்டர் 1 ஆஃப்' பிளாக்கால் சொல்லைப் பிரித்தால் அந்த உயிர்க்குறி தனியே கழன்று விழுகிறது. நீங்கள் பார்த்த கொம்பு அதுதான்.

ஆகவே ஸ்கிராட்சைப் பிரிக்க விடாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'லிஸ்ட்' (பட்டியல்) உண்டாக்கி, முதல் வரியில் த, இரண்டில் மி, மூன்றில் ழ் என்று பிள்ளைகளே எழுத்தெழுத்தாக இடட்டும். கலைப்பதும் சேர்ப்பதும் லிஸ்ட் வரிகளை வைத்து நடக்கும், குறி கழலாது. பத்துச் சொல் போதும்.

விடையைத் தட்டச்சு செய்யச் சொல்வதில் இன்னொரு வம்பு இருக்கிறது. 'ஔவை' என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாலும் எழுதலாம், ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்தும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. 'கொடி'யின் ஒகரக் குறியும் சில வேளைகளில் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகப் பதிவாகும். பிள்ளை சரியாக எழுதியும் 'தவறு' என்று வந்தால் மனம் உடைந்துவிடும். மூன்று விடைகளைப் படமாக வைத்து, சரியானதைத் தட்டச் சொல்லுங்கள். படம் என்றால் எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும், நடுவரின் கணினியில் தமிழ் எழுத்துரு எப்படி இருக்குமோ என்ற கவலையும் இல்லை.

நான்கு பேர் குழுவில் ஒருவன் மட்டும் செய்கிறான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.
— ஆசிரியர், தெம்பனிஸ்

இரண்டு பேர் குழுவாக மாற்றுங்கள். ஒருவர் மவுஸ் பிடிப்பார், மற்றவர் சொல்வார். சொல்பவர் திரையைத் தொடக் கூடாது, பிடிப்பவர் தானாக எதையும் சேர்க்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்து மூன்று பேராகிவிட்டால், மூன்றாமவர் தாளில் பிழைகளைக் குறிக்கும் சோதனையாளர். அவரும் சுற்றில் மாற வேண்டும்.

பெற்றோரோ செயற்கை நுண்ணறிவுச் செயலியோ செய்து கொடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண் எப்படிப் பிரிப்பது?
— பள்ளி அளவிலான போட்டியின் நடுவர், தோ பாயோ

கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கி, அவர்கள் விளையாட்டைத் திறந்து வைத்து, "பழம் இரண்டு மடங்கு வேகமாக விழட்டும்" என்று சொல்லுங்கள். சொந்தமாகச் செய்த பிள்ளை நேரே அந்த எண்ணுக்குப் போய்விடும். யாரோ செய்து கொடுத்திருந்தால் ஸ்பிரைட் ஒவ்வொன்றாகத் திறந்து தேடும். உதவி வாங்கியது குற்றமல்ல, புரியாமல் கொண்டுவந்ததுதான் சிக்கல். எந்தப் படம், எந்த இசை, எந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சமர்ப்பிக்கும் தாளில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். செயலியிடம் கேட்டிருந்தால் அதையும் அங்கேயே எழுதட்டும்.

மதிப்பெண் 20 என்றால், தொடக்கம் முதல் முடிவு வரை பழுதின்றி ஓடுவதற்கு 6, யாரும் விளக்காமலே ஆடத் தெரிவதற்கு 5, கேட்ட மாற்றத்தைச் செய்து காரணம் சொல்வதற்கு 5, சொந்தக் கற்பனைக்கு 4. படத்தின் அழகுக்குத் தனி மதிப்பெண் வைத்தால் போட்டி ஓவியப் போட்டியாகிவிடும்.

ஓட்டத்தைச் சோதிக்கும்போது பச்சைக் கொடியை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவது தொடங்கும்போது புள்ளி பூச்சியத்துக்குத் திரும்பாமல் 14இலிருந்து தொடர்ந்தால், கொடியின் கீழ் புள்ளியைப் பூச்சியமாக்கும் பிளாக் இல்லை. உயிர், கடிகாரம், நாயகன் நிற்கும் இடம், மறைந்த ஸ்பிரைட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அடுத்து, வேண்டுமென்றே மோசமாக ஆடுங்கள். எந்த விசையும் தொடாமல் உட்கார்ந்திருங்கள். தோல்வித் திரை வருகிறதா? 'ஸ்டாப் ஆல்' பிளாக்கை முதலில் வைத்து, 'ஆட்டம் முடிந்தது' என்ற திரையை அதற்குப்பின் காட்ட முயன்ற குழுக்கள் இங்கேதான் மாட்டும். எல்லாம் நின்றபின் திரை மாறாது.

உயர்நிலை 1 மாணவர்கள் ஸ்கிராட்சைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறார்கள். தொடக்கநிலை 2 பிள்ளைகளோ தாங்களும் வருவதாக அடம்பிடிக்கிறார்கள்.
— ஆசிரியர், புக்கிட் பாத்தோக்

பெரியவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் மேக்கோட் ஆர்கேட் கொடுத்துப் பாருங்கள். இலவசம், உலாவியிலேயே ஓடும், கணக்கு இல்லாமலும் தொடங்கலாம். திரை 160க்கு 120 படப்புள்ளிதான், வண்ணம் 16தான் என்பதால் பழைய கைவிளையாட்டுக் கருவியின் தோற்றம் வரும், அந்த வயதினருக்கு அது பிடிக்கும். பிளாக்கில் செய்ததை ஒரே தட்டலில் ஜாவாஸ்கிரிப்டாகவோ பைத்தானாகவோ மாற்றிப் பார்க்கலாம். புள்ளி, உயிர், கடிகாரம் மூன்றும் தயார் பிளாக்குகளாகவே இருக்கின்றன.

சின்னவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். 5 முதல் 7 வயதுக்கென்று செய்தது, ஐபேடில் ஓடும், பிளாக்குகளில் எழுத்துக்குப் பதில் படங்கள்தான். அதில் வேரியபிள் இல்லை என்பதால் புள்ளிக் கணக்கு வைக்க முடியாது. ஒரு திட்டத்துக்கு நான்கு பக்கம்தான். ஆகவே புள்ளி விளையாட்டு கேட்காமல், தட்டினால் தவளை தாவும், வண்டைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும் என்ற அளவில் வையுங்கள். அவர்களைப் போட்டியில் சேர்க்காமல் அதே நாளில் ஒரு மேசை போட்டுக் காட்சிக்கு வைத்தால் போதும். அண்ணன், அக்காக்களின் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலையையும் கொடுக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை கண்ட விசையை எல்லாம் ஒரே நேரத்தில் அழுத்தும். அதற்கும் தாங்கினால் விளையாட்டைச் சமர்ப்பிக்கலாம்.